பச்சை டிக் காட்டிய வரன்

ஜூன் 4, புதன்
வரன் பார்க்கும் செயலியைச் சோதனைக்கு விட்டாச்சு. ஒரே ஒரு பிழை நேற்று முழுக்க உயிரை எடுத்தது. ஒவ்வொருவருக்கும் அப்பா கூட்டம், அம்மா கூட்டம் என்று இரண்டு குலம். இரண்டும் ஒரே கூட்டப் பட்டியலுக்குத்தான் போகின்றன. எந்த வழியாக இணைக்க என்று, தரவுத்தளத்தோடு பேசும் ஓஆர்எம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்றைக் காட்டிவிட்டேன், வாயை மூடிக்கொண்டது.

கூட்டத்தின் பெயரே வேண்டாம், இருவரும் வேறு வேறு கூட்டம் என்றால் பச்சை டிக் போதும் என்பது என் யோசனை. பார்த்ததும் “என்ன கூட்டம்?” என்று கேட்கும் திருச்செங்கோட்டில் வளர்ந்து அலுத்துப்போனவள் நான். சோதனைக்கு என் விவரத்தையும் போட்டிருக்கிறேன்.

ஜூன் 11
சபரிநாதன், ஓமலூர். பச்சை டிக். ‘எனக்கு நன்றாகச் சமைக்க வரும், பயப்பட வேண்டாம்’ என்று எழுதியிருந்தான். ஆபீஸிலேயே சிரித்துவிட்டேன்.

ஜூலை 2
தினமும் போனில் பேச்சுத்தான். பிடித்திருக்கிறது. ரொம்ப. இவனைத்தான் கட்டிக்கொள்வேன். அப்பாவிடமும் சொல்லியாயிற்று.

ஜூலை 6, ஞாயிறு
அப்பா இன்று சபரியின் அப்பாவுக்குப் போன் போட்டார். முதல் கேள்வியே, “ஏனுங்க, நீங்க என்ன கூட்டமுங்க?” பதிலைக் கேட்டதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. “நாங்களும் செல்லன் கூட்டந்தானுங்க” என்று வைத்துவிட்டார்.

பங்காளி. எனக்கு அண்ணன் முறை.

“ஒரு மாசமாப் பேசுறியே, ஒரு வார்த்தை கேக்கலியா சாமி?”

கேக்கல. டிக் இருந்துச்சே! நான் எழுதுன டிக்! அவனும் அதைத்தானே நம்புனான் —

ஜூலை 7
கண்டுபிடித்தேன். அன்று நான் காட்டிய வழி அம்மா கூட்டம். எங்களில் பிள்ளைக்கு அப்பா கூட்டம்தான், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்கள் அம்மாக்கள் வேறு வேறு கூட்டம், அதனால் பச்சை. பிழைச் செய்தி போனதும் பிழையும் போயிற்று என்று நினைத்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பக்கத்து மேசை அக்மல் எட்டிப் பார்த்து, “ஒரு வார்த்தைதான், மாத்திடு கோகிலா” என்றான். மாற்றினேன். யார் விவரத்தை வைத்துச் சரிபார்ப்பது? எங்கள் இருவருடையதைத்தான் போட்டேன். சிவப்பு. சரியாக வேலை செய்கிறது. பாத்ரூமில் போய் அழுதேன்.

ஜூலை 9
சபரி அனுப்பியிருக்கிறான்: “ஊருக்குத் தெரியாம எங்காச்சும் போயிரலாமா?” மூன்று முறை பதில் எழுதி அழித்தேன். கடைசியில், “முடியாதுங்க.”

ஆகஸ்ட் 1, வெள்ளி
எங்கள் கூட்டத்துக் கோவிலில் ஆடிப் பொங்கல். ஓமலூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். வருஷா வருஷம் வருவார்களாம். எத்தனை ஆடிக்குப் பக்கத்துப் பக்கத்தில் நின்றோமோ! போட்டோவில் பார்த்த முகம், இரண்டு அடுப்பு தள்ளி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தது. பொங்கல் நன்றாகத்தான் வந்திருந்தது.

விவரம் தெரியாத ஒரு பெரியம்மா என் கையில் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தார். “உங்கண்ணன் வேர்த்து ஊத்த நிக்கிறான் பாரு, குடுத்துட்டு வா சாமி.”

கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டது இன்றுதான் முதல் தடவை.