இரண்டு கிணறுகளுக்கு நடுவே ஒரு மூட்டை உப்பு

லாத்தா,

நேற்று கடைத்தெருவில் லோடு ஆட்டோவிலிருந்து உப்பு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டையின் தையல் பிரிந்து கல் உப்பு தரையில் கொட்டியது. ஈரம் ஏறிய அந்த வாடை மூக்கில் பட்டதும் எனக்குக் கால் நகரவில்லை. கடைக்காரர், "என்னக்கா, கருவாட்டுக்கா?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கூடப் பிறக்காத அக்காவாக இருந்த நீங்கள் மௌத்தாகி, எங்கள் பேச்சில் காலமாகி, வருஷம் ஒன்று ஆகப்போகிறது.

தர்ஷினிக்கு மஞ்சள் காமாலை வந்த வருஷம் அது. கண்ணும் நகமும் மஞ்சளாகி, ஒரு வாய் கஞ்சி உள்ளே போனாலும் வாந்தி எடுத்து, என் பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தாள். ராமநாதபுரத்து டாக்டர் முதலில் கேட்டது தண்ணீரைப் பற்றித்தான். வீட்டுக் கிணறு என்றேன். "அதை இன்னைக்கே நிறுத்துங்க. பக்கத்துல கக்கூஸ் குழி ஏதும் இருக்கா?" என்றார். என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். யார் வீட்டுக் குழியை நினைக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் கிணற்றுக்கும் உங்கள் புதுக் குழிக்கும் நடுவில் கொல்லைச் சுவர் ஒன்றுதான். முட்டி மடக்க முடியாத உங்கள் மாமியாருக்காக, உங்கள் வீட்டுக்காரர் மச்சான் சவூதியிலிருந்து வந்திருந்தபோது ஆசையாகக் கட்டிய கக்கூஸ்.

பஸ்ஸை விட்டு இறங்கிய என் வீட்டுக்காரர் வீட்டுக்குள்கூடப் போகவில்லை. சுவரோரம் நின்று, "உங்க வீட்டுக் கழிவைத்தான் என் பிள்ளை குடிச்சிருக்கு" என்று சத்தம் போட்டார். கதவுகள் திறந்தன. நம் தெருவில் பாதி உங்கள் ஆட்கள், பாதி எங்கள் ஆட்கள். இப்படி ஒரு சண்டை இரண்டு வீட்டோடு நிற்காது என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் கொழுந்தன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். எங்கள் பக்கத்திலும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

நீங்கள் கொழுந்தனைக் கையமர்த்திவிட்டுச் சுவர்ப் பக்கம் வந்தீர்கள்.

"தம்பி, எங்க குழித் தண்ணி உங்க கிணத்துக்கு வருதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பாத்துட்டுப் பேசுவோம்."

"எப்படிப் பாக்குறது?"

"குழிக்குள்ள ஒரு மூட்டை உப்பக் கொட்டிக் கரைப்போம். வழி இருந்தா உங்க கிணறு கரிக்கும்."

எனக்கு அப்போதும் சந்தேகம். "கடல் இங்கன பக்கத்துலதான லாத்தா இருக்கு? உப்பு அங்கேருந்து வந்தாலும் வரலாம்ல?" என்றேன். கடலிலிருந்து வந்தால் உங்கள் வீட்டு வாசலில், குழிக்குத் தள்ளி இருக்கும் கிணறும் சேர்ந்துதான் கரிக்கும், குழியிலிருந்து வந்தால் எங்களுடையது மட்டும்தான் கரிக்கும் என்றீர்கள். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி லேப் மட்டும் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நீங்கள் எப்போதோ சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு நினைவு வந்தது.

"அடுத்த வாரம் வரைக்கும் பாக்குறேன். அப்புறம் பஞ்சாயத்துல மனு குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் உள்ளே போனார்.

கேன் தண்ணீரைச் சோதிக்க நீங்கள் வாங்கி வைத்திருந்த டிடிஎஸ் மீட்டர் பேனா மாதிரி இருக்கும். தண்ணீரில் முக்கினால் அதில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எண்ணாகக் காட்டும். உப்பு கொட்டுவதற்கு முன்பே இரண்டு கிணற்றையும் அளந்துகொண்டோம். பிறகு குழி மூடியை நகர்த்தி, மூட்டையைக் கவிழ்த்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். படியில் உட்கார்ந்திருந்த உங்கள் மாமியாருக்கு ஆறவில்லை. "எவளாச்சும் தன் வீட்டு மேல தானே குத்தம் தேடுவாளா?" என்றார்.

"மாமி, அங்கன ஒரு பிள்ள படுத்துக் கெடக்கு" என்றீர்கள்.

காலையும் மாலையும் அளந்தோம். எண் அசையவில்லை. எங்கள் வீட்டில், "உப்பத்தான் கொட்டுனாகளா?" என்று பேச்சு ஓடியது. நானே கொட்டினேன் என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. தெருக்குழாயில் பெண்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அது மரியாதை இல்லை, இந்தச் சண்டையில் நான் யார் பக்கம் என்று தெரியாத ஒதுக்கம். அடுப்படியில் தண்ணீர் கொதிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனை. எண் ஏறினால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஏறாவிட்டால் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று யாரைக் கேட்பேன்? எது வேண்டும் என்று என்னால் வேண்டிக்கொள்ளக்கூட முடியவில்லை.

ஒரு காலையில் தர்ஷினி மறுபடி வாந்தி எடுத்தாள். அவளைக் கழுவிக்கொண்டிருந்ததில் எனக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு எங்கள் கொல்லைக்குத் தனியாக வந்திருந்தீர்கள். அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாளியில் மீட்டரை முக்கினீர்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி இறைத்தீர்கள். மீட்டரைப் போர்த்தியிருந்த துப்பட்டியில் துடைத்து மறுபடி முக்கினீர்கள். பிறகு கிணற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றீர்கள். உங்களைத் தவிர யாரும் அந்த எண்ணைப் பார்த்திருக்கவில்லை. நேற்று இருந்ததுதான் இன்றைக்கும் என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

விறுவிறுவென்று உங்கள் வாசல் கிணற்றுக்குப் போனீர்கள். திரும்பி வரும்போது முகத்தில் ரத்தமே இல்லை.

"புள்ள, தம்பியக் கூப்பிடு."

அவர் வந்தார். மீட்டரை அவர் கையிலேயே கொடுத்து முக்கச் சொன்னீர்கள். "எங்க கிணறு அப்படியே இருக்கு தம்பி. உங்களது ஏறிருச்சு. எங்க குழிதான். இன்னைக்கே அதப் பூட்டிருறோம்."

ஒரு வாரமாகச் சண்டைக்கு நின்ற மனுஷன் இன்னொரு தடவை முக்கினார். மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "மாமிய எங்க வீட்டுக் கக்கூஸுக்கு வரச் சொல்லுங்க. அது அந்தக் கடைசியிலதான இருக்கு, கிணத்துக்குத் தூரம்" என்றார். அன்று மத்தியானமே சுவரில் நாலு கல்லைப் பெயர்த்து, உங்கள் மாமியார் நடந்து வர வழி செய்ததும் அவர்தான்.

குழியைத் திறந்து பார்த்தபோது, கொத்தனார் அடியில் காங்கிரீட் போடாமல் சிமெண்ட் உறையை மட்டும் இறக்கிவிட்டுப் போயிருந்தது தெரிந்தது. மணலுக்குள் எல்லாம் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு கிணற்றுக்கும் தள்ளி, அடி பூசி, புதுத் தொட்டி கட்டினீர்கள். எங்கள் கிணற்றை இறைத்துக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டோம். கரிப்பு போக அடுத்த மழை வரை ஆனது. தர்ஷினி தேறிவிட்டாள். இப்போது ராமநாதபுரத்தில் காலேஜ் படிக்கிறாள். உங்களை நெஞ்சுவலி என்று காரில் ஏற்றிய அன்று அவளும் கூடத்தான் வந்தாள். உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம் உங்கள் மருமகள் வாசலில் வந்து நின்றாள். எங்கள் தென்னையின் வேர் ஓடி அவளுடைய குளியலறைத் தரை வெடித்துவிட்டதாம். குரலில் கோபம் இருந்தது. மரம் அவள் அந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்பிருந்தே நிற்கிறது என்ற பேச்சு என் உதட்டு வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். வேர் எங்களுடையதாகவே இருக்கலாம். தோண்டிப் பார்ப்போம் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே உங்கள் வீட்டுக்குப் போனேன், லாத்தா.