அம்மாவின் நினைவுக்கல்

ஞாயிறு இரவு, ஆவணி 1969

சபையார் இன்று என் அப்பாவை இரண்டாம் முறை புதைத்தார்கள். தேவாலயச் சுவரில் அம்மாவுக்கு நினைவுக்கல் திறந்தார்கள். அவர் பிறந்த இங்கிலாந்து ஊர் அதில் இருக்கிறது. அவர் நடத்திய பாடகர் குழுவும் தையல் வகுப்பும் இருக்கின்றன. துறைமுகத்தில் கரி சுமந்த அவருடைய கணவர் இல்லை.

பலிபீடத்து வெள்ளைத் துணியை அம்மா எங்கள் கிணற்றடியில்தான் தோய்ப்பார். அப்பாவின் கரிபிடித்த சட்டைக்குப் பக்கத்திலேயே காயப்போடுவார். கடற்காற்றில் இரண்டும் ஒன்றாக உப்பும்போது வீடே வேலியோடு மிதந்து போவதுபோல் இருக்கும். இப்போதும் கண்ணை மூடினால் மிதக்கிறது.

அப்பாவின் பெயர் ஏன் இல்லை என்று போதகரிடம் கேட்டேன்.

“கல்லில இடம் காணாது, தம்பி.”

“இங்கிலாந்துக்கு மட்டும் இடம் கிடந்ததோ, ஐயா?”

அவர் எழும்பிப் போய் யன்னல்களைச் சாத்தத் தொடங்கினார். நான் பின்னாலேயே போனேன்.

“அம்மாவை இந்த ஊரில நிப்பாட்டினது அப்பாதான். அவற்ற பேரை எப்ப வெட்டுவியள்?”