கடற்கரையில் டாஃபியைக் கண்டேன்

கிரோமர்,
செப்டம்பர் 14

அன்பு மகள் ரோவீனாவுக்கு அம்மா எழுதுவது. என் இடுப்பு இப்போது ஊன்றுகோல் கேட்பதில்லை, அப்பாவின் இருமலும் அடங்கிவிட்டது. ஆக்லாந்தில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை உன் டாரீன் சித்தி அவள் நாயோடு வந்தாள். கோடையில் நம் கடற்கரையில்தான் நாயை விடமாட்டார்களே, அதனால் நாய்களை விடுகிற வடக்குக் கடற்கரைக்குப் போகலாம் என்றேன். அப்பா காற்று என்றார், கார் நிறுத்த இடமிருக்காது என்றார், சாக்குமேல் சாக்கு. அப்போதே எனக்கு உறுத்தியது. அங்கே போய் உட்கார்ந்து சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிக்கிறேன், இடது காது கிழிந்த ஒரு மஞ்சள் நாய் மணலைத் தோண்டிக்கொண்டு நிற்கிறது. டாஃபி என்று கத்தினேன். ஓடி வந்து என் முகமெல்லாம் நக்கிவிட்டது. பின்னாலேயே வயதான ஒருவர் மூச்சுவாங்க வந்தார். இது எங்க நாய், ரெண்டு வருஷம் முன்னாடி காணாமப் போச்சு, நீங்க யாருய்யா என்று பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலே பார்த்து, என்ன கிளிஃபர்ட், இன்னுமா வீட்டுல சொல்லல என்றார். உன் அப்பாவின் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்?

டாஃபி இழுத்துத்தானே நான் விழுந்து இடுப்பு உடைந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் அப்பா அதை இந்தப் பெரியவர் பென்ஃபோல்டுக்குக் கொடுத்துவிட்டு, என்னிடம் கேட் வழியாக ஓடிப்போச்சு என்று சொல்லியிருக்கிறார். மறுபடி உன்னைத் தள்ளிட்டா நான் என்னடி பண்ணுவேன் என்று அங்கேயே கண் கலங்கினார். ஊன்றுகோலோடு கம்பம் கம்பமாக நோட்டீஸ் ஒட்டினேனே, பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்த மனுஷன்! பென்ஃபோல்ட் விசிலடித்ததும் டாஃபி அவரிடமே போய்விட்டது. திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

இப்போது உன் விஷயம். விமானம் ஏறும் அன்று அந்த நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவள் நீ. அதைக் காணவில்லை என்று நான் போனில் அழுதபோது, விடும்மா, நல்ல இடத்துலதான் இருக்கும் என்றாய். தைரியசாலி என்று நினைத்தேன். காரில் வரும்போது ரோவீனாவுக்கும் தெரியுமா என்று அப்பாவைக் கேட்டேன். மழையே இல்லை, வைப்பரைப் போட்டார்.

வேளைக்குச் சாப்பிடு, கடவுள் உன்னைக் காக்கட்டும். பதிலைப் போனில் சொல்லாதே, முதலில் அவர்தான் எடுப்பார். என் பெயருக்குக் கடிதமாகவே எழுது.

உன் அம்மா,
ஈனிட்