"நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்ற வரியை நீக்கக் கோரி

அனுப்புநர்:
இரா. நல்லசிவம்,
மேல் பஜார், மஞ்சூர்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவப் பணிகள்,
நீலகிரி மாவட்டம்.

பொருள்: என் மனைவியின் இதய சி.டி. ஸ்கேன் அறிக்கையைத் திருத்தி, மீண்டும் படம் எடுக்க உத்தரவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதை எழுதலாமா என்று பலமுறை தயங்கினேன். மின்வாரியத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், மருத்துவம் அறியாதவன். என் புரிதலில் பிழை இருக்கலாம். கீழே உள்ள நடப்புகளில் பிழை இல்லை.

1. மேடு ஏறினால் நெஞ்சு அடைக்கிறது என்று என் மனைவி வேணி சொல்லிவந்தார். இதய ரத்தக் குழாயில் அடைப்பு உண்டா என்று அறிய, குன்னூரில் எங்களைப் பார்க்கும் இதய மருத்துவர் இந்த ஸ்கேனை எழுதித் தந்தார். காப்பீட்டில் எங்களுக்கு எட்டும் தொலைவில் இருப்பது உதகையில் ஒரு தனியார் மையம் மட்டுமே. பெயரைத் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

2. ஸ்கேனுக்குப் போன அன்று உறைபனி. முதல் பஸ்ஸில் போய் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மையத்தின் உதவியாளர், ஐவி என்ற பெண், காத்திருந்த எல்லோருக்கும் டீ ஊற்றினார். "குளுருக்கு இன்னொரு வாய் குடிங்கம்மா" என்று வேணிக்கு இரண்டாம் முறையும் தந்தார். அவர்மீது எனக்குக் குறை இல்லை. குளிரில் வந்தவருக்கு டீ தராமல் இருப்பது எங்கள் மலையில் மரியாதை ஆகாது. டீ இதயத்துடிப்பை விரைவாக்கும், துடிப்பு விரைந்தால் படம் கலங்கும் என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை.

3. மேசையில் படுத்தபோது துடிப்பு நூற்றைத் தாண்டியிருந்தது. அறிக்கையிலேயே அச்சாகியுள்ளது. மாத்திரை தந்து, துடிப்பு இறங்கக் காத்திருந்திருக்கலாம் என்று குன்னூர் மருத்துவர் கூறுகிறார். வரிசை நீளம் என்று உடனே எடுத்துவிட்டார்கள்.

4. எங்கோ வெளியூரில் கணினியில் படம் பார்த்த மருத்துவர், "நோயாளி ஒத்துழைக்கவில்லை, படம் தெளிவாக இல்லை" என்று எழுதினார். சந்தேகத்துக்குரிய குழாய் இருக்கும் இடமே கலங்கியுள்ளது. தெளிவான படம் இல்லாமல் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது என்கிறார் குன்னூர் மருத்துவர். மனைவிக்கோ இப்போது வாசற்படி ஏறினாலே வலிக்கிறது.

5. தவறு நோயாளியுடையது என்பதால் காப்பீட்டில் மீண்டும் படம் எடுக்க உரிமை இல்லையாம். அதை ஒப்புக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்திட்டால் கருணை அடிப்படையில் தேதி தருவதாக மையத்தின் மேலாளர் கூறினார். "சும்மா ஒரு கையெழுத்துதானே சார்" என்றார். நான் பேனாவை எடுத்தும்விட்டேன். வேணி தடுத்தார்.

"ஏனுங்க, மூச்சப் புடின்னாங்க, புடிச்சேன். கைய அசைக்காதேன்னாங்க, அசைக்கல. நெஞ்சு ஓடுனா அதையும் நானே புடிச்சு நிறுத்தோணுமாக்கும்?"

பேனாவை மூடிவிட்டேன். கையெழுத்திட மாட்டோம் என்பதை இம்மனுவின் மூலம் எழுத்தில் தெரிவிக்கிறேன்.

நாடெங்கும் இதய ஸ்கேன் பெருகுவதாகச் செய்தித்தாளில் படிக்கிறேன். நல்லதே. ஆனால் கருவி இருந்தும் தெளிவான படம் இல்லையென்றால், நோயாளிக்கு அது இல்லாததற்குச் சமம். படம் கெட்டால் ஏன் கெட்டது என்று உண்மையை எழுதட்டும். டீ கூடாது என்பதைக் காத்திருக்கும் கூடத்தில் தமிழில் எழுதி ஒட்டட்டும்.

எங்களுக்குக் கருணை வேண்டாம். அந்த வரி நீங்கிய அறிக்கை வேண்டும். மீண்டும் படம் எடுக்க ஒரு தேதி வேண்டும். வரும் திங்கட்கிழமை இருவரும் தங்கள் அலுவலகத்துக்கு வருகிறோம். அவ்விரண்டும் கைக்கு வரும்வரை மஞ்சூர் பஸ் ஏறுவதாக இல்லை.

இடம்: மஞ்சூர்
நாள்: 08.01.2026

பணிவுடன், ஆனால் உறுதியுடன்,
இரா. நல்லசிவம்

நானும் சம்மதிக்கிறேன்:
ந. வேணி