மூன்றாவது பொட்டலம்

கோச்சடை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சாருலதாவுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுதான் எனக்குக் கொதிக்கிறது. நீ மும்பை மழையில் நனையாமல் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். முதலில் உன்மேலுள்ள கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நிதித் தேர்வில் மற்றதையெல்லாம் நன்றாக எழுதிவிட்டுப் புள்ளியியலில் கோட்டை விட்டாயே, சூத்திரத்தை மனப்பாடம் செய்து கால்குலேட்டரைத் தட்டினால் போதும் என்று யார் சொன்னது? உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு, பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவே இடம் போதாமல் ஒருக்களித்து உட்கார்ந்து, காலேஜில் இதே பாடத்தில் தேறியவள் நான்.

அது கிடக்கட்டும், நேற்று இங்கே நடந்த அநியாயத்தைக் கேள். நீ மறுபடி எழுதுவதா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து கல்யாணம் செய்துகொள்வதா என்று சாமியிடம் பூக்கட்டிப் பார்க்கலாம் என்று ஆனையூரிலிருந்து முத்துமீனா அத்தை வந்து நின்றார். வெள்ளைப் பூ வந்தால் பரீட்சை, சிவப்பு வந்தால் கல்யாணம். சரியென்று நானும் அப்பாவும் கோயிலுக்குப் போனோம். அத்தையே பொட்டலத்தை எடுத்தார், வெள்ளை. மனசு ஒருநிலையில இல்லாம எடுத்துட்டேன், குலுக்கிப் போடுங்க என்று பூசாரியிடம் சொன்னார். மறுபடியும் வெள்ளை. ஈரக்கையோட எடுத்தா சாமி எப்படிச் சொல்லும் என்று முந்தானையில் துடைத்துக்கொண்டு மூன்றாவதாக எடுத்தார், சிவப்பு. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு, பாத்தியா தம்பி, உத்தரவு குடுத்திருச்சு என்கிறார், உன் அப்பாவும் தலையாட்டுகிறார், இவர் கணக்கு வாத்தியார்! வேண்டிய விடை வரும்வரை சாம்பிள் எடுத்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியை மட்டும் காட்டினால் உன் பரீட்சையில் மதிப்பெண் தருவார்களா? மதினி, மொத ரெண்டு தடவை சாமி சொன்னது உங்களுக்குக் கேக்கலையா என்று அங்கேயே கேட்டுவிட்டேன். எம்புட்டுப் பேச்சுப் பேசுறா பாரு, படிச்ச திமிரு என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, புள்ளைய அடுத்த வாரம் வரச் சொல்லு என்றார். சொல்ல மாட்டேன் என்றேன்.

நீ வராதே, பரீட்சைக்குப் பணத்தைக் கட்டு. எனக்கும் பயம்தான், இந்தத் தடவையும் தவறினால் இந்த வீட்டில் நான் வாயைத் திறக்க முடியாது. அதனால் காலையில் முதல் வேலையாகப் புள்ளியியலை எடு, ஒரு கணக்கு ஏன் அப்படி வருகிறது என்று விளங்காமல் அடுத்ததற்குப் போகாதே. விளங்காவிட்டால் எனக்குப் போன் செய், மறந்திருந்தாலும் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

எடுத்தது முடித்து, நீ நினைத்தபடி வாழ வேண்டும் என் கண்ணே. டீயைக் குறை, தலைக்கு எண்ணெய் வை. அப்பா கூப்பிட்டால், அம்மாட்ட கேட்டுக்கங்கப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிடு, மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
பாகீரதி