மாமாவுக்கும் ஒரு கோடு

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை எனக்குப் பதவி கிடைத்தது. பள்ளிக்கூடம் பக்கம் என்று அக்கா வீட்டில் ஓசியில் தங்கியிருக்கும் நான், வாயெல்லாம் பேஸ்ட் நுரையோடு நீதிபதி ஆனேன்.

குளியலறை அலமாரியில் கர்ப்பம் பார்க்கும் கிட். முதல் கோடு யாருக்கும் வரும்; இரண்டாவது வந்தால்தான் விசேஷம்.

"லேசா தெரியுதுல்ல?" என்றாள் அக்கா.

"நல்லாவே தெரியுது" என்றார் மாமா. அக்கா கைகாட்டினால் மாமாவுக்கு அங்கே யானையே தெரியும்.

"இவர் எனக்காகச் சொல்றார். நீ பாருடி. நீதான் யாருக்கும் பாவம் பாக்காத ஜென்மம்."

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். சாய்த்துப் பார்த்தேன், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன்.

"ஒண்ணுதான்க்கா. இன்னொண்ணு வீட்டை விட்டே கிளம்பல போல."

துண்டால் அடி விழுந்தது. கிட் குப்பைத்தொட்டிக்குப் போனது.

அதே நாள், மாலை

தொட்டியிலிருந்து திரும்பி வந்துவிட்டது! இப்போது இரண்டாவது கோடு இருக்கிறது — சாம்பல் நிறத்தில், எறும்பு பென்சிலால் போட்ட மாதிரி. சன்னலோரம் வைத்துப் பார்த்தார்கள், டார்ச் அடித்துப் பார்த்தார்கள், ஃப்ரிட்ஜைத் திறந்து அந்த விளக்கிலும் பார்த்தார்கள். இரண்டு கோடு நிஜமென்றால் அக்கா கோடீஸ்வரி.

அம்மாவுக்குச் சொல்லப் போனை எடுத்தாள். போன வருஷமும் இப்படித்தான். சொந்தபந்தம் அத்தனைக்கும் சொல்லிவிட்டு, அப்புறம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "இல்லையாம்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நாளைக்குச் சொல்லலாம்க்கா. ஒரே ஒரு நாள் குடு."

கிட் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன். காய்ந்த பிறகு தெரியும் கோட்டை நம்பக் கூடாதாம். நான் சொன்னால் யார் கேட்பார்கள்? போன வாரம்தான் மாமாவின் ஷாம்புவில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்தேன். (தலை தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது.)

மார்ச் 4

மிச்சமிருந்த கிட்டை மாமாவிடம் நீட்டினேன்.

"என்ன வாலு இது?"

"நீங்களும் ஒண்ணு பாருங்க மாமா. ஒப்பிட்டுப் பாக்கத்தான்."

"நானா!"

"அக்காவுக்காக."

போர்க்களத்துக்குப் போகிறவர் போல, டம்ளரும் கையுமாகக் குளியலறைக்குள் போனார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தேன். இருக்கிறது! அதே இடம், அதே சாம்பல், அதே எறும்பு.

"வாழ்த்துகள் மாமா. உலகத்தின் முதல் கர்ப்பிணன்!"

மாமா தன்னையறியாமல் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு சிரிப்பு நின்றது. தண்ணீர் நிற்கவில்லை.

போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்? நல்லதுக்குத்தானே பண்ணேன்? வேற எப்படித்தான் சொல்றது?

மார்ச் 5

என்னோடு பேசவில்லை.

மார்ச் 6

சாப்பிடும்போது அக்கா மாமாவின் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள். "ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்ல?"

மாமாவுக்குப் புரையேறியது. எனக்குப் போன உயிர் வந்தது.

ஏப்ரல் 2

காலையில் அக்கா என்னை உலுக்கி எழுப்பினாள். "வாடி. காயறதுக்குள்ள பாரு."

பார்த்தேன். மங்கல்தான். ஆனால் சாம்பல் இல்லை, இளஞ்சிவப்பு. முதல் கோட்டுக்குத் தங்கச்சி மாதிரி.

"இருக்குக்கா."

"விளையாடாத."

"இருக்கு."

அக்கா கோட்டை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஏன்டி ஜோக் அடிக்கல?"

"வரலக்கா."

வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். "அம்மாவுக்கு இப்ப வேணாம். டாக்டர் சொல்லட்டும்" என்றாள். கிட்டை மட்டும் கீழே வைக்கவே இல்லை.

ஜூன் 21, ஞாயிறு

மாமா அளவு நாடாவோடு என் அறைக்குள் வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சுவரிலிருந்து என் கட்டில்வரை அளந்தார். அக்கா இடுப்பில் கை ஊன்றி வாசலில் நின்று, "சன்னல் பக்கம் வேணாம், வெயில் படும்" என்று உத்தரவு போட்டாள்.

"இன்னும் பொறக்காத ஆளுக்கு இவ்ளோ இடமா? நான் எங்க போறது?"

"கட்டிலைக் கொஞ்சம் நகர்த்து வாலு, போதும்" என்றார் மாமா.

முனகிக்கொண்டே நகர்த்தினேன். அவர்கள் போன பிறகு, யாரும் சொல்லாமலே, இன்னும் ஒரு சாண்.