கல்லறையிலிருந்து திரும்பும் வழி

தம்பி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மாடிப்படியின் பித்தளைக் கைப்பிடியைத் துலக்கினேன். எங்கள் கட்டடத்தில் படி துடைக்க இந்த வாரம் முறை என்னுடையது. வீட்டில் பாலிஷ் தீர்ந்திருந்ததால், ராணுவ முகாமிலிருந்து உன் பையோடு வந்த பாலிஷ் டப்பாவைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து நீ ட்ரம்பெட்டைத் தேய்க்கும்போது வரும் அதே மணம். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

லண்டனுக்குப் படிக்கப் போய் பிரிட்டிஷ் ராணுவ பாண்டில் சேர்ந்த உன்னை, நான் ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கும் ஜெர்மனியின் இதே பீலெஃபெல்ட் நகரத்து பிரிட்டிஷ் முகாமுக்கே அனுப்பினார்கள். தன் நேர்த்தி பலித்ததென்று அம்மா எழுதினாள்.

சாலை விபத்தில் இறந்த ஒரு சிப்பாயின் அடக்கத்துக்கு என்னையும் கூட்டிப்போனாய். போகும்போது கறுப்புத் துணி மூடிய பறை, மெதுவான நடை. அடக்கம் முடிந்து கல்லறை வாசலைத் தாண்டியதும் திருவிழாபோல ஒரு துள்ளல் இசை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் உன்னைத் திட்டித் தீர்த்தேன். நீ சோற்றிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாய்:

"போகேக்கை அவனுக்கு வாசிச்சம் அக்கா. திரும்பேக்கை எங்களுக்கு. அது இல்லாட்டி ஒருத்தருக்கும் கால் எழும்பாது."

நான் அதோடு விட்டிருக்கலாம். முகாமில் நடந்த தேநீர் விருந்தில் உங்கள் பாண்ட் மாஸ்டரிடமே போய், எங்கள் ஊரில் செத்தவர் வீட்டை இப்படி அவமதிக்கமாட்டோம் என்றேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். வரும் வழியெல்லாம் நீ எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாய்.

பிறகு, கலவரம் நடந்துகொண்டிருந்த வட அயர்லாந்துக்கு உங்களை அனுப்பினார்கள். சண்டையென்றால் பாண்ட்காரர் வாத்தியத்தை வைத்துவிட்டுக் காயப்பட்டோரைத் தூக்கப் போகவேண்டும் என்பதை நீ எங்களுக்குச் சொன்னதே இல்லை. "நாங்கள் வாசிக்கிற ஆக்கள், எங்களை ஆர் சுடப்போயினம்?" என்றாய். அதை அப்படியே அம்மாவுக்கு எழுதினேன். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்திருந்தபோதுதான் உனக்குக் குண்டு பட்டது. இங்குள்ள ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று நாள்தான் உயிரோடு இருந்தாய்.

உன் அடக்கத்தில் எல்லாம் முறைப்படி நடந்தது. திரும்பும்போது, வாசல் தாண்டியதும், நான் என்னை அறியாமல் அந்த இசைக்காகக் காத்திருந்தேன். பாண்ட் மாஸ்டர் வேண்டாமென்று கையை அசைத்தார். எல்லோரும் வாத்தியங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சும்மா நடந்தார்கள். சரளைக்கல்லில் சப்பாத்துச் சத்தம் மட்டும். அவர் அருகில் வந்து, அன்று நான் சொன்னதை மறக்கவில்லை என்றார். நன்றி என்றேன்.

பொய் சொன்ன உன்மேல் கோபம். கேட்டு நடந்த அவர்மேலும் கோபம். தேநீர்க் கோப்பையோடு நின்று நியாயம் பேசிய அந்தப் பெண்மேல் வந்த கோபம்தான் ஒரு வருடமாகியும் ஆறவில்லை. உன் அடக்கத்தன்று கால் எழும்பாமல் நின்றவளும் அவள்தான்.

வரும் சனிக்கிழமை உன் ஆண்டுத் திருப்பலி. நாலு பேரோடு வந்து மலர்வளையம் வைக்கலாமா என்று பாண்ட் மாஸ்டர் கேட்டு எழுதியிருக்கிறார். வாத்தியங்களோடு வரச்சொல்லிப் பதில் எழுதப்போகிறேன். கல்லறையில் ஒன்றும் வாசிக்க வேண்டாம். வாசலைத் தாண்டியதும் அந்தத் துள்ளல் இசையை வாசிக்கட்டும். அம்மாவுக்கு எழுதவில்லை, திருப்பலி வைக்கும் சுவாமியிடமும் சொல்லவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், நானே சொன்னதுதானே. அவர்களுக்குப் பின்னால், கால் பிசகாமல் நடந்து வருவேன்.

அக்கா